ஃப்ரிட்ஜில் ஒரு கல்

“ஓவன்ல சூட்டை ஏத்தி வெச்சது யாரு, நானா?”

“ஏத்தற மாதிரி பண்ணினது யாரு? வெள்ளிக்கிழமை மீட்டிங், அதுக்குள்ள நம்பர் வேணும்னு போன்ல உயிரை எடுத்தது யாரு?”

“நம்பர் கேட்டேன். பொய் நம்பர் கேக்கலை.”

“அவசரமா கேட்டா அவசர நம்பர்தான் வரும். கல்லை மெதுவா காய வெக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்கு எப்படித் தெரியும்? கல் டாக்டர் நீயா, நானா?”

“அண்ணி, கதவு திறந்திருக்கு,” என்றது மூன்றாவதாக ஒரு குரல்.

“இருக்கட்டும். எதிர் வீட்டு அக்கா கதவுல காதைத் தேய்ச்சுக் கஷ்டப்பட வேண்டாம்.”

எதிர் வீட்டு அக்கா என்பது நான்தான். அப்போது மாடிப்படிக் கைப்பிடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். காலையிலும் ஒரு முறை துடைத்திருந்தேன் என்பது வேறு விஷயம். சுத்தத்துக்கு அளவு உண்டா என்ன? அவள் அப்படிச் சொன்ன பிறகு சட்டென்று உள்ளே போனால் ஒட்டுக்கேட்டது போல ஆகிவிடும். ஆகவே மரியாதையை முன்னிட்டு அங்கேயே நின்று கடைசிவரை கேட்டேன்.

“சரி, நடந்தது நடந்துபோச்சு,” என்றார் அவர். “இப்ப சொல்லு. கிணத்துல ஆசிட் விடலாமா, கூடாதா?”

“கூடாது.”

“ஏன்?”

“அந்த மணல்ல பச்சைப் பூச்சு இருக்கு. அதுக்குள்ள இரும்பு. ஆசிட் பட்டா கரையும், கரைஞ்சது கொஞ்ச நேரத்துல அங்கேயே கூழா உறைஞ்சு நிக்கும். இருக்கற வழியும் போயிடும்.”

“எந்த வழி? கிணறு மூச்சே விடலை. இதுக்கு மேல போறதுக்கு அங்க என்ன இருக்கு?”

அதன் பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். கத்துகிற மனிதர்கள் முக்கியமான இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்துவது எனக்குப் பிடிக்காத பழக்கம். இரண்டு படி மேலே ஏறித் துடைக்க வேண்டியதாயிற்று.

“விடலைன்னா கிணத்தை மூடிடுவாங்க. கூடவே உன் லேபையும். என்னைக் கடல் கிணத்துக்கு அனுப்புவாங்க. உன்னை எங்க தூக்கிப் போடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? மறுபடியும் போன்ல குடித்தனம். அதுதான் வேணும்னா, கூடாதுன்னே எழுதிக் குடு. நான் ஒண்ணும் சொல்லலை.”

உள்ளே நாற்காலி ஒன்று நகர்ந்தது.

ஒரு கல்லுக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் ஏன் இப்படி அடித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றும். கணக்கர் வீட்டம்மா என்ன சொல்லிக்கொண்டு திரிந்தாள் என்றால், அது கல்லே இல்லை, அவருக்கு வேறு எங்கோ தொடுப்பு என்று. அந்த அம்மாவுக்கு எதைக் கேட்டாலும் தொடுப்பாகத்தான் கேட்கும். நடந்தது எனக்குத்தான் தெரியும்.

பூமிக்கடியில் எரிவாயு தேடுகிற ஒரு கம்பெனியின் குவார்ட்டர்ஸ் அது. என் வீட்டுக்காரர் ஸ்டோரில் இருந்தார். எதிர் வீட்டுக்கு வந்த இவள், மண்ணுக்கடியிலிருந்து வெட்டி எடுத்து வரும் கல்லைச் சோதிக்கும் லேபுக்குத் தலைவி. அதனால் கல் டாக்டர். அவள் புருஷன் கிணறு தோண்டும் பொறியாளர். எப்போதும் குழாய், குழாய் என்றே பேசுவதால் குழாய்க்காரர் என்று பெயர் விழுந்தது. மூன்றாம் மாடியில் ஒரு அம்மாள் அதை நம்பி, சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று அவரைக் கூப்பிட்டுவிட்டாள். மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தார். அது இன்னும் ஒழுகுகிறது என்பார்கள்.

மூன்றாவது குரல் அவருடைய தங்கை, நம்ம கல் டாக்டருக்கு நாத்தனார். குவார்ட்டர்ஸ் பள்ளியில் டிராயிங் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. அண்ணனுக்கும் அண்ணிக்கும் நடுவில் தபால்காரி மாதிரி இருந்து இருந்து, எனக்கு எதுக்கு இதெல்லாம் என்று ஆகிவிட்டதாக அவளே சொல்வாள்.

அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூரைக்குக் கீழே ஒரு முழு வருஷம் சேர்ந்தாற்போல இருந்ததே கிடையாது. இவர் ஒரு மூலைக் கிணற்றில், அவள் வேறு மூலை லேபில். இவர் லீவில் வரும்போது அவளுக்கு மாற்றல். அவள் போய்ச் சேரும்போது இவருக்குக் கடல். குவார்ட்டர்ஸுக்கு இருவரும் ஒன்றாக வந்ததே அந்தக் கிணற்றால்தான். கிணறு நன்றாகக் கொடுத்தால் இங்கேயே நிரந்தர ஆபீஸ், இருவருக்கும் இங்கேயே வேலை என்று பெரிய சார் வாயாலேயே சொல்லியிருந்தார். அவள் கேட்டது அது ஒன்றைத்தான். நகை கேட்கவில்லை, ஊர் சுற்றக் கேட்கவில்லை.

கிணறு ஆழத்தில் மணற்கல்லைத் தொட்டதும், அதிலிருந்து உருளை உருளையாகக் கல்லை வெட்டி மேலே கொண்டுவந்தார்கள். ஈரம் போகாமல் பிளாஸ்டிக் சுற்றி மெழுகில் முக்கி, தடித்த மெழுகுவத்தி போல லேபுக்கு வந்தது. ஒன்றைச் சீவிப் பார்த்த அன்றைக்கு அவள் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் மெழுகு ஒட்டியிருந்தது. என் கையிலிருந்த கடுகு டப்பாவைப் பிடுங்கி ஒரு டம்ளரில் தளும்பக் கொட்டி, அதன் மேல் தண்ணீர் ஊற்றினாள். கடுகு வழியவில்லை, தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

“பாத்தீங்களா அக்கா, நிறைஞ்ச டம்ளர்ல எவ்வளவு இடம். மணலும் இப்படித்தான். அந்த இடத்துலதான் வாயு உக்காந்திருக்கு.”

“கடுகு போச்சு,” என்றேன்.

“வேற வாங்கித் தரேன். கேளுங்க. அவ்வளவு ஆழத்துல, அந்தச் சூட்டுல, மணலுக்கு மணல் பளிங்கு வளர்ந்து ஒட்டிக்கும். இடமே இருக்காது. ஆனா இந்த மணல்ல ஒவ்வொரு துகளுக்கும் பச்சையா ஒரு களிமண் பூச்சு. நான்ஸ்டிக் தவா மாதிரி. அதுக்கு மேல பளிங்கு வளர முடியலை. அதனால இடம் அப்படியே இருக்கு. களிமண்ணுன்னா எல்லாரும் திட்டுவாங்க. இங்க அதுதான் காப்பாத்தி வெச்சிருக்கு.”

அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்குக் கடுகை வடிகட்டுவதா வேண்டாமா என்பதிலேயே மனசு இருந்தாலும், சந்தோஷமாகத்தான் இருந்தது.

இடம் இருந்தால் மட்டும் போதாது. ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு வாயு நகர்ந்து கிணற்றுக்கு வந்து சேர வழியும் இருக்க வேண்டும். இடத்துக்கு ஒரு நம்பர், வழிக்கு ஒரு நம்பர். இடத்தின் நம்பர் வந்தாயிற்று. வழியின் நம்பருக்கு, கல்லில் உள்ள ஈரத்தை வெளியேற்றிவிட்டுக் காற்றை உள்ளே செலுத்திப் பார்க்க வேண்டும். களிமண் உள்ள கல் என்றால் ஈரத்தை வெகு மெதுவாகத்தான் எடுக்க வேண்டுமாம். தண்ணீர் இருந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஆல்கஹாலை விட்டு, பிறகு அதையும் கல்லுக்குத் தெரியாமல் ஆவியாக நழுவ விட வேண்டும். வாரக்கணக்கில் இழுக்கும் வேலை. அவளுக்கு இது தெரியாதா? மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

ஆனால் வெள்ளிக்கிழமை மீட்டிங். கிணற்றை இறுதிவரை கொண்டுபோய்ச் சோதித்துப் பார்ப்பதா, இத்துடன் கைகழுவுவதா என்று அன்றைக்கு முடிவு. குழாய்க்காரர் கிணற்றடியிலிருந்து மணிக்கொரு தரம் போன் செய்தார். அவர் குரல் ஸ்பீக்கர் போடாமலே எங்கள் வீடு வரை கேட்கும்.

“நம்பர் இல்லாம போய் நின்னா மூடிடுவாங்க. ஒரு நம்பர் குடு. போதும்.”

அவள் எல்லாக் கல்லையும் சாதாரண ஓவனில் அடுக்கிச் சூட்டை ஏற்றினாள். பச்சைப் பூச்சுதானே, அது துகளோடு ஒட்டியிருப்பது, சூட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாளாம். காய்ந்த கல்லை மைக்ராஸ்கோப்பிலும் பார்த்தாள். துகளின் மேல் வழவழவென்று படிந்த களிமண் மட்டுமே தெரிந்தது. நடுவில் இடம் வெறிச்சென்று திறந்து கிடந்தது. காற்றைச் செலுத்தினால் வாசல் திறந்து வைத்த வீடு மாதிரி போயிற்று. அருமையான நம்பர். மீட்டிங்கில் கைதட்டினார்களாம்.

அந்த வாரமே அவள் பீரோ வாங்கினாள்.

பீரோ என்றால் சாதாரண பீரோ இல்லை. ஆள் நுழைந்து குடும்பம் நடத்தலாம். மாடிப்படி வளைவில் திரும்பாது என்று தெரிந்ததும், பால்கனிக்கு அப்போது கம்பி போடாததால் கயிறு கட்டி வெளிப்பக்கமாக மேலே இழுத்தார்கள். குவார்ட்டர்ஸே கீழே நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னது. பீரோ போய் உட்கார்ந்ததும் பால்கனிக்குப் போகிற பாதையில் பாதி அடைபட்டது. நாத்தனார் ஒருக்களித்துத்தான் துணி காயப்போடப் போவாள்.

“வீட்டை மாத்தும்போது இதை எப்படி அண்ணி எடுக்கறது?” என்று கேட்டாள்.

“யாரு மாத்தப் போறா?” என்றாள் இவள். அடுத்த வாரம் பால்கனிக்குக் கம்பி போட்டுவிட்டார்கள்.

கிணற்றைச் சோதித்த அன்று சாயங்காலம் நாங்கள் எல்லோரும் மதில் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டோம். பூமியிலிருந்து வரும் வாயுவை உயரமான குழாய் நுனியில் கொளுத்துவார்கள்; அந்தச் சுடரின் அளவைப் பார்த்தாலே கிணற்றின் யோக்கியதை தெரிந்துவிடும். கல் டாக்டர் புதுப் புடவையில் வந்திருந்தாள். கணக்கர் வீட்டம்மா பிள்ளைகளுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டிருந்தாள், வெளிச்சத்தில் கண் போய்விடுமாம்.

சுடர் குப்பென்று எழுந்தது. கைதட்டினோம். கைதட்டி முடிப்பதற்குள் அது இடுப்பளவாயிற்று. பிறகு எங்கள் வீட்டு அடுப்பளவு. பிறகு, சிலிண்டர் தீரும்போது தெரியுமே, அந்த நீல நாக்கு. அதுவும் போயிற்று.

“திரும்பவும் பத்த வெப்பாங்க,” என்றாள் கல் டாக்டர்.

பற்ற வைத்தார்கள். பிடிக்கவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராக நாற்காலியை மடக்கிக்கொண்டு போனார்கள். கணக்கர் வீட்டுப் பிள்ளை கறுப்புக் கண்ணாடியோடு கல் தடுக்கி விழுந்து அழுதது. அவள் மட்டும் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் வந்து கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப் போனாள்.

அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாள் அவர் வீட்டுப் பக்கமே வரவில்லை. நம்பர் சரி, கிணறுதான் சரியில்லை, தோண்டும்போது சேறு அடைத்துக்கொண்டிருக்கும் என்று அவர் கிணற்றடியில் கிடந்தார். இடம் இருக்கிறது, வழியும் இருக்கிறது, வாயு மட்டும் வரவில்லை என்றால் யாருக்குத்தான் புரியும்?

புரிய வைத்தது நாத்தனார். அவள் பாட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃப்ரிட்ஜைத் துடைக்க ஆரம்பித்தாள். பாலுக்குப் பின்னால், காய்கறிக் கூடைக்கு அடியிலிருந்து மெழுகு பூசிய ஓர் உருளையை எடுத்தாள்.

“அண்ணி, இந்தக் கல்லு வேணுமா, வேணாமா? எத்தனை நாளா இருக்கு, எல்லாத்துலயும் மெழுகு வாசனை.”

லேப் ஃப்ரிட்ஜில் இடம் இல்லாத ஒரு நாள், ஒரே ஒரு கல்லை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தாள். வைத்ததை மறந்தும் போயிருந்தாள். மற்றதெல்லாம் ஓவனுக்குப் போயிற்று. இது ஒன்றுதான் பூமியிலிருந்து வந்த ஈரத்தோடு அப்படியே இருந்தது. நான் அப்போது ஒரு கிண்ணம் சர்க்கரை கடன் கேட்கப் போயிருந்தேன். அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அந்தக் கல்லை மடியில் வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சர்க்கரை கேட்கத் தோன்றவில்லை.

மறுநாளே அதை லேபுக்கு எடுத்துப் போனாள். இந்த முறை யாரும் போன் செய்து அவசரப்படுத்தவில்லை. செய்திருக்க வேண்டிய விதத்தில், வாரக்கணக்கில், மெதுவாகக் காய வைத்தாள். பார்த்துவிட்டு வந்தவள் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். அவர் கிணற்றடியில் இருந்தார். எப்படிச் சொல்வது என்று என்னிடம் ஒத்திகை பார்த்தாள் போலிருக்கிறது.

நாத்தனாரின் பெயிண்ட் பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். என் பாத்திரத் தண்ணீரில் முக்கினாள்.

“உள்ளே பாருங்க. முடி எப்படி விரிஞ்சு நிக்குது?”

பார்த்தேன். தண்ணீருக்குள் பிரஷ் பூ மாதிரி விரிந்து, ஒவ்வொரு முடியும் தனித்தனியாக ஆடிற்று.

வெளியே எடுத்தாள். எல்லா முடியும் ஒன்றோடொன்று ஒட்டிக் கூர்நுனியாகிவிட்டது.

“அவ்வளவுதான் அக்கா நடந்தது. பச்சைப் பூச்சு மட்டும் இல்லை, அதுக்கு மேல இன்னொரு களிமண் வளர்ந்திருக்கு. முடி முடியா. மைக்ராஸ்கோப்புல பாத்தா ஒரு துகளுக்கும் அடுத்த துகளுக்கும் நடுவுல ஒட்டடை கட்டின மாதிரி. பூமிக்கடியில ஈரத்துல அது விரிஞ்சு நிக்குது. ஒவ்வொரு இடுக்கையும் அதுதான் அடைக்குது. நான் சூட்டுல காய வெச்சதும் எல்லாம் துகளோட படிஞ்சு ஒட்டிக்கிச்சு. ஒட்டினதுக்கு அப்புறம் நான் பாத்தேன். எங்கயும் முடியைக் காணோம்னு எழுதிக் குடுத்துட்டேன். அதைப் படிய வெச்சதே நான்தான்.”

“சரியான நம்பர் எவ்வளவு?”

“ஓவன் நம்பர்ல இருபதுல ஒரு பங்கு கூட வரலை.”

“இடம்?”

“இடம் அப்படியேதான் இருக்கு. உள்ளே வாயு நிறைய இருக்கு. வெளியே வராது.”

பிரஷைத் துடைத்துக்கொண்டே, “இதை முதல்லயே ஒழுங்கா பண்ணியிருந்தா மீட்டிங்லயே மூடியிருப்பாங்க,” என்றாள். “அப்பவும் இதே கதிதான். கொஞ்சம் சீக்கிரமா வந்திருக்கும். பீரோ வாங்கியிருக்க மாட்டேன்.”

அவர் வந்ததும் அவரிடமும் இதையே சொன்னாள். அதைத் தொடர்ந்து வந்ததுதான் முதலில் சொன்ன சண்டை. பாறையை உடைத்து வழி உண்டாக்குகிற பெரிய இயந்திரங்கள் உண்டாம். அதை இந்த ஒற்றைக் கிணற்றுக்கு அனுப்ப மாட்டேன் என்று பெரிய சார் கையை விரித்துவிட்டார். ஆசிட் லாரி ஒன்று மட்டும் தருகிறேன், கல் டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்தால் விட்டுப் பாருங்கள் என்றாராம். ஆகவே எல்லாம் அவள் கையெழுத்தில் வந்து நின்றது.

சண்டைக்கு மறுநாள் குப்பை கொட்டப் போகும் சாக்கில் அவளை மாடிப்படியில் பிடித்தேன்.

“என்ன எழுதப் போற?”

“தெரியலை அக்கா.”

“தெரியலைன்னா? நேத்து கூடாதுன்னு அடிச்சுச் சொன்னியே.”

“கல்லைக் கேட்டா கூடாதுன்னுதான் சொல்லுது.” படியைப் பார்த்தபடி சொன்னாள். “கூடாதுன்னு எழுதினா நிச்சயமா போயிடும். சரின்னு எழுதினா அநேகமா போயிடும். அந்த அநேகமாவுல ஒரு சின்ன இடம் இருக்கில்ல?”

நாத்தனார் பின்னால் வந்துகொண்டிருந்தாள். “இடம் எல்லாம் நம்ம வீட்டுல நிறைய இருக்கு அண்ணி. அந்தப் பீரோவைத் தாண்டத்தான் வழி இல்லை,” என்றாள். மூவரும் சிரித்தோம். கல் டாக்டர் கொஞ்சம் அதிக நேரம் சிரித்தாள்.

சரி என்றுதான் எழுதினாள். ஆசிட்டின் வீரியத்தைக் குறைத்து, இரும்பு உறையாமல் பிடித்து வைக்கும் மருந்தும் கலந்து, இவ்வளவு நேரத்துக்கு மேல் உள்ளே நிற்கக் கூடாது என்று ஆயிரம் நிபந்தனை போட்டாள். நிபந்தனையெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட சமாதானம். ஆசிட்டுக்கு அந்த முடி கரையாது, அறுந்துபோய்ச் சந்தில் சிக்கும் என்று என்னிடம் அவளே முன்பு சொல்லியிருந்தாள்.

ஆசிட் லாரியோடு பம்ப் இயக்குகிற ஓர் ஆள் வந்தார். உயரமான, கூச்ச சுபாவி. கெஸ்ட் ஹவுஸில் தங்கினார். பள்ளிக்கூடத்துச் சுவரில் நாத்தனார் மீன் படம் வரைந்துகொண்டிருந்தபோது, இது என்ன மீன் என்று கேட்டிருக்கிறார். “கற்பனை மீன்” என்றாளாம். “அப்ப முள் இருக்காது” என்றாராம். இதைக் கணக்கர் வீட்டம்மா எனக்கு முன்னால் தெரிந்து வைத்திருந்தாள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

ஆசிட் விட்ட அன்று யாரும் நாற்காலி போடவில்லை. மதியம் எதிர் வீட்டில் போன் அடித்தது. கல் டாக்டர் அன்று லேபுக்குப் போகவில்லை, போக முடியவில்லை.

“வருது,” என்றார் அவர். எனக்கே கேட்டது. “சுடர் நிக்குது. ஆள் உயரத்துக்கு மேல. கேக்குதா? நிக்குதுன்னு சொல்றேன்.”

“கேக்குது,” என்றாள் அவள்.

போனை வைத்துவிட்டுப் போய் அவருடைய பெட்டியைத் திறந்தாளாம். வந்த நாள் முதல் அவர் சட்டைகளெல்லாம் பெட்டியிலேயேதான் இருந்தன, கூப்பிட்டால் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி. ஒவ்வொன்றாக எடுத்து இஸ்திரி போட்டுப் பீரோவில் மாட்டினாள். நாத்தனார் ஹேங்கர் எடுத்துக் கொடுத்தாள். காலிப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார்கள்.

வெயில் இறங்குவதற்குள் சுடர் அணைந்துவிட்டது.

அவர் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு பாட்டில். சாப்பாட்டு மேஜையில் வைத்தார். கதவு திறந்திருந்தது; நானும் மறைக்கப் போவதில்லை, வாசலில்தான் நின்றேன். பாட்டிலில் பச்சையும் பழுப்புமாக ஏதோ கூழ். சாய்த்தால் ஒழுகாமல் மெல்ல நகர்ந்தது. கிணற்றிலிருந்து கடைசியாக வந்தது அதுதானாம்.

கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்.

“கூடாதுன்னு சொன்னே இல்ல,” என்றார். “அதுலயே நின்னிருக்கலாமே.”

“நிக்க முடியலை,” என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டையே இல்லை. ஒருவருக்கொருவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள், லைட்டை அணைத்தார்கள், சாவியை எங்கே வைத்தாய் என்று கேட்டார்கள். நான் கைப்பிடி துடைப்பதை விட்டுவிட்டேன். பரணிலிருந்து பெட்டியை இறக்கியதும் எனக்குத் தெரியாது. பீரோவிலிருந்து அவர் சட்டைகள் போய்விட்டன என்று நாத்தனார் சொல்லித்தான் தெரியும். இஸ்திரி மடிப்புக் கலையாமலே பெட்டிக்குப் போயினவாம்.

கிணற்றுக்குள் சிமெண்ட்டைக் கொட்டி மேலே இரும்புத் தகடு வைத்து மூடினார்கள். லேபில் இருந்த ஓவனை என் வீட்டுக்காரர்தான் ஸ்டோரில் திரும்ப எடுத்துக்கொண்டார். நல்ல நிலையில் இருந்தது என்றார். குழாய்க்காரர் கடலுக்குப் போனார், பிறகு வேறு ஒரு கடலுக்கு. கல் டாக்டரைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அங்கே கல் இல்லை, மற்றவர்கள் சோதித்து அனுப்பும் நம்பரைச் சரிபார்க்கும் வேலை. நிறைய நம்பரைத் திருப்பி அனுப்புகிறாள் என்று அவளைப் பற்றிப் புகார் உண்டாம்.

பிரிந்துவிட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. பிரிவதற்கு முதலில் சேர்ந்திருக்க வேண்டும். முன்பு எப்படி இருந்தார்களோ அப்படியே இருக்கிறார்கள், என்றைக்காவது ஒரு நாள் என்று இப்போது சொல்லிக்கொள்வதில்லை என்பதுதான் வித்தியாசம்.

நாத்தனாரை அந்த ஆசிட் பம்ப்காரர் கல்யாணம் செய்துகொண்டார். ரிஜிஸ்தர் ஆபீஸில் வைத்துக் கையெழுத்து. அண்ணி முதல் நாளே வந்து எல்லா வேலையும் பார்த்துவிட்டு, கையெழுத்து ஆனதும் காலை ரயிலுக்குக் கிளம்பினாள். அண்ணன் கடலிலிருந்து கிளம்பியது தாமதமாகி மதியம்தான் வந்து சேர்ந்தார். கல்யாணப் போட்டோவில் ஒன்றில் அவள் இருக்கிறாள், இன்னொன்றில் அவர் இருக்கிறார். இப்போது நாத்தனாரும் புருஷனும் லாரி போகிற ஊருக்கெல்லாம் போகிறார்கள்; அவள் எந்த ஊர்ச் சுவரிலாவது மீன் வரைந்துகொண்டிருப்பாள்.

குவார்ட்டர்ஸ் ஒவ்வொரு மாடியாகக் காலியாயிற்று. கணக்கர் வீட்டம்மா தன் தம்பி ஊருக்குப் போய்விட்டாள், போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கடைசியில் நாங்களும் எங்கள் பெண் வீட்டோடு வந்து சேர்ந்தோம். பால்கனிக் கம்பியை அறுக்க ஆள் கிடைக்காததால் பீரோவை யாராலும் வெளியே எடுக்க முடியவில்லை. நாங்கள் கிளம்பிய அன்று அதற்குள் காவலாளி தன் குடையையும் சாப்பாட்டுத் தூக்கையும் வைத்திருந்தார். பிறகு அவருக்கும் வேறு இடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டதாகக் கேள்வி.